கொக்கி சரியில்லம்மா

கடைக்காரர்கள் பொய் சொல்வதில் புதிதாக ஒன்றும் இல்லை. இல்லாத நயத்தை இருக்கிறது என்பார்கள். பட்டுக் கடைகளுக்கு நடுவில் வளர்ந்த எனக்கு அதைக் கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. ஆனால் நல்ல சரக்கைக் கெட்ட சரக்கு என்று பொய் சொல்லி, ஆசையாகக் கையில் எடுத்தவர்களைக் கீழே வைக்க வைத்த கடைக்காரி காஞ்சிபுரத்தில் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். அவள் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா.

கல்யாணப் பெண்களுக்கு நகை செட் வாடகைக்கு விடுவது அக்காவின் தொழில். வீட்டின் முன்னறைதான் கடை. கண்ணாடி பீரோவுக்குள் நெற்றிச்சுட்டியில் ஆரம்பித்து ஒட்டியாணம் வரை செட்டு செட்டாக அடுக்கியிருப்பாள். கெம்புக் கல்லில் ஒன்று, பச்சைக் கல்லில் ஒன்று, முத்தில் ஒன்று, பழைய தங்கம் மாதிரி மங்கலாக மின்னுவதில் ஒன்று. இவற்றுக்கெல்லாம் மேல் தட்டில், வெள்ளைக் கல் செட் ஒன்று தனியாக உட்கார்ந்திருக்கும். தெரு முழுக்க அவளைச் ‘செட்டு அக்கா’ என்றே கூப்பிடும்.

ஒரு பெண் வந்து ஒரு ஹாரத்தின் மேல் கை வைத்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அவளுக்குப் பொருந்தாது என்று அக்காவுக்குத் தோன்றிவிட்டால் உடனே முகத்தைக் கவலையாக வைத்துக்கொள்வாள்.

“அது வேணாம்மா. கொக்கி சரியில்ல. மணையில குந்திக்கினு இருக்கும்போது கழண்டு வுழுந்துச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

அந்தக் கொக்கியில் மாட்டையே கட்டலாம். முத்து மாலை என்றால் நூல் இற்றுப்போயிருக்கும். பச்சைக் கல் ஜிமிக்கி என்றால் காது அரிக்கும். தோளில் மாட்டும் வங்கி என்றால் கையைப் பிடித்துக்கொண்டு விடாது, சோப்புப் போட்டுத்தான் கழற்ற வேண்டும். ஒரு தடவை வாலாஜாபாத்திலிருந்து வந்த மாப்பிள்ளை ஒருவர், ரிசப்ஷன் ஷெர்வானிக்கு மேலே போட மஞ்சள் பாய்ந்த முத்து மாலை ஒன்றைக் கேட்டு ஒற்றைக் காலில் நின்றார். அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “தம்பி, போன முகூர்த்தத்துல இதப் போட்டுக்கினு பந்தியில குந்துனாரு ஒருத்தரு. ஒரு முத்து அறுந்து ரசத்துல வுழுந்துடுச்சு. அவரு அத மொளகுன்னு நெனச்சிக் கடிச்சி, பல்லு போச்சு.” மாப்பிள்ளை மாலையைத் தொட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அப்படி ஒரு பந்தியும் நடக்கவில்லை, ஒரு பல்லும் போகவில்லை. அவருக்கு மாநிறத்தில் லேசாகச் சாம்பல் ஓடிய முகம். அந்த மஞ்சள் முத்து அவரை ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்தவராகக் காட்டியது. வெள்ளி வேலை செய்த ஒற்றைப் பதக்கத்தை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனார்.

இது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், அது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் யாரும் கடைக்குள் இருக்கும் டியூப் லைட்டை நம்பிப் பட்டுப் புடவை எடுப்பதில்லை. புடவையை வாசலுக்குத் தூக்கி வந்து பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால்தான் அரக்கு அரக்காகத் தெரியும். அக்கா புடவைக்குப் பதில் ஆளை வாசலுக்கு இழுத்து வந்தாள். அவள் வீட்டுக்காரர் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். பட்டறையில் மீந்த நூல் கழிகள் வீட்டில் எப்போதும் கிடக்கும். பால் வெள்ளை ஒரு கழி, சந்தன நிறம் ஒரு கழி. இரண்டையும் இரண்டு தோளில் போட்டுவிட்டு, எட்டி நின்று, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். தெருவில் புதிதாகப் போகிறவர்கள் ஏதோ மந்திரிக்கிறாள் என்று ஒதுங்கிப் போவார்கள்.

“மேல கறுப்போ செவப்போ, அத வுடு. தோலுக்கு அடியில ஒரு சாயம் ஓடுது பாரு, அதான் கணக்கு. மஞ்ச ஓடுனா தங்கம், செவப்புக் கல்லு, பவழம். நீலம் ஓடுனா வெள்ளக் கல்லு, வெள்ளி. மாத்திப் போட்டா மொகம் செத்துப்பூடும்” என்று எனக்கு மட்டும் சொல்வாள். வந்தவர்களிடம் சொல்ல மாட்டாள். அவர்களுக்குக் கொக்கி, அரிப்பு, இற்றுப்போன நூல்.

“உண்மையச் சொல்லிட்டுப் போயேன்கா. உனக்கு இது நல்லா இல்லன்னு” என்று ஒருநாள் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அங்கேதான் பொழுது போகும். மற்ற நாள்களில் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிவேன்.

அக்கா நெற்றிச்சுட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “நகையத் திட்டுனா நகை அழுவுதா? ஆளத் திட்டுனா, அது வூட்டுக்குப் போயி கண்ணாடியாண்ட நின்னுக்கினு அழும். என் கல்யாணத்துல ஆசையா வெள்ளக் கல்லு மூக்குத்தி போட்டுக்கினேன். தாலி ஏறுன கையோட ஒருத்தி வந்து, இன்னாம்மா பொண்ணுக்குக் காமாலையான்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. எங்க வூட்டுக்காரரும் சிரிச்சாரு. அப்புறம் சாப்பாடு எறங்குமா?”

அன்றோடு வெள்ளைக் கல்லை அவள் உடம்பில் யாரும் பார்த்ததில்லை. மூக்கில் குட்டியாக ஒரு சிவப்புக் கல், கையில் மங்கின தங்க நிறத்தில் வளையல், எப்போதும் அரக்கிலோ கடுகு நிறத்திலோ ஒரு புடவை. உள்ளே மஞ்சள் ஓடும் அவள் முகம் அதில் பளிச்சென்று இருக்கும். தலையில் தப்பாக ஒரு ஹேர்பின் செருகியிருந்து நான் பார்த்தது கிடையாது. அந்த விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

இப்படி ஊருக்கெல்லாம் நகையைத் திட்டித் தப்பித்து வந்தவள் மாட்டிக்கொண்டது எதிர் வீட்டு ஜரிகைக் கடைக்காரம்மாவிடம்.

அந்த அம்மா வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம். அம்மா எலுமிச்சம்பழ நிறம். சந்தன நிறப் புடவைக்கு அந்த மேல் தட்டு வெள்ளைக் கல் செட்தான் வேண்டும் என்று வந்து உட்கார்ந்துவிட்டார். கொக்கி சரியில்லை என்றாள் அக்கா. “எங்க கடப் பையன வுட்டுப் பத்த வெச்சுக்குறேன்” என்றார். வேற பார்ட்டி சொல்லி வைத்திருக்கிறார்கள் என்றாள். “யாருன்னு சொல்லு, நான் பேசிக்கிறேன்.” அரிக்கும் என்றாள். “எனக்கு எதுவும் அரிக்காது.” அக்காவின் கையிருப்பு தீர்ந்துவிட்டது. கடைசியில், இருந்ததிலேயே பெரிய குண்டை எடுத்துப் போட்டாள்.

“சொல்லக்கூடாதுன்னு பாத்தேம்மா. ஏனாத்தூர் பொண்ணு ஒண்ணு இத போட்டுக்கினு மணையிலேயே மயக்கம் போட்டு வுழுந்துடுச்சு.”

இதில் பொய் பாதிதான். ஏனாத்தூர்ப் பெண் விழுந்தது உண்மை. முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி, மேலே ஹோமப் புகை. சோடா குடித்ததும் எழுந்து சிரித்துக்கொண்டே தாலி கட்டிக்கொண்டாள். அதை அக்கா சொல்லவில்லை. ஜரிகைக் கடைக்காரம்மா செட்டைச் சூடு பட்டதுபோலக் கீழே வைத்தார். கெம்புக் கல் செட்டை எடுத்துப் போனார். அறுபதாம் கல்யாணத்தன்று குத்துவிளக்கு மாதிரி ஜொலித்தார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தான் எப்பேர்ப்பட்ட ஆபத்திலிருந்து தப்பித்தோம் என்பதை அவர் ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். பிள்ளையார்பாளையம் போவதற்குள் அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள். வாலாஜாபாத்தில் கல்யாணமே நின்றுபோனது. தென்னேரி ஏரிக்கரையை எட்டியபோது மாப்பிள்ளை ஓடிப்போயிருந்தார். வெள்ளைக் கல் செட் ராசி கெட்ட செட் ஆனது. அதை யாரும் கேட்கவில்லை. அக்காவும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை, எனக்குக் கல்யாணம் நிச்சயமாகும் வரை.

நான் கறுப்பு. மாநிறம் என்று சொல்பவர்கள் எனக்கு வேண்டியவர்கள். எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது. எத்தனையோ கல்யாணப் பெண்களுக்குப் புடவை நெய்த என் அண்ணன் எனக்காகக் கத்திரிப்பூ நிறத்தில் வெள்ளி ஜரிகை போட்டு ஒன்று நெய்தான். நல்ல புடவை. அதற்கு மேலே என் முகம் இருக்குமே என்பதுதான் எல்லோருக்கும் கவலை. பெண் பார்த்துவிட்டுப் போன நாளிலிருந்து கடலை மாவு, கஸ்தூரி மஞ்சள், குங்குமப்பூ என்று ஆளாளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். பியூட்டி பார்லர் பெண், “ரெண்டு ஷேடு தூக்கி வுட்டுடலாம்கா, கவலப்படாதீங்க” என்று ஆறுதல் சொன்னாள். நான் கவலைப்படவே இல்லை, எனக்குக் கோபம்தான் வந்தது. கல்யாணத்தன்று யாரோ ஒரு வெளுத்த பெண் வந்து என் மணையில் உட்கார்ந்துகொள்ளப் போகிறாள் என்று நினைத்தாலே எரிச்சலாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னை வாசலில் நிறுத்தித் தோளில் கழிகளைப் போட்டாள். சந்தனத்தை உடனே எடுத்துவிட்டாள். பால் வெள்ளையை மட்டும் விட்டுவிட்டு ரொம்ப நேரம் பார்த்தாள். உள்ளே போய் மேல் தட்டைத் திறந்தாள்.

“அக்கா, அது ராசியில்லாத செட்டாச்சே” என்றேன் கிண்டலாக.

“வாய மூடிக்கினு திரும்பு.”

கண்ணாடியில் பார்த்தேன். என் கறுப்பு அப்படியே இருந்தது. யாரும் அதைக் குறைக்கவில்லை. அதன் மேல் அந்தக் கற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எரிந்தன. இந்த நிறம் இல்லாவிட்டால் இவற்றுக்கு மதிப்பே இல்லை என்பதுபோல இருந்தது. எனக்கு என் முகத்தைப் பிடித்திருந்தது. அதற்கு முன்னால் அப்படி ஒரு நாள் இருந்ததாக எனக்கு நினைவில்லை. இதைப் போட்டுக்கொண்டுதான் மணையில் உட்காருவேன் என்று அங்கேயே தீர்மானித்தேன்.

நகை பார்க்கிற நாளன்று தென்னேரியிலிருந்து என் வருங்கால மாமியார் வந்தார். எங்கள் அம்மாவும் இருந்தாள். கூப்பிடாமலே ஜரிகைக் கடைக்காரம்மாவும் வந்து நல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா என் கழுத்தில் செட்டைப் பூட்டினாள். மாமியார் ஒரு கணம் வாயைத் திறந்து பார்த்தார். அந்தப் பார்வையில் மெச்சிக்கொண்டதை நான் கவனித்தேன். அதற்குள் ஜரிகைக் கடைக்காரம்மா முந்திக்கொண்டார்.

“ஐயையோ, இது அந்த மயக்கம் போட்ட செட்டும்மா. எனக்கே இந்த அம்மாதான் சொல்லித் தடுத்துச்சு. கேளுங்க.”

மாமியார் சட்டென்று திரும்பினார். “மாப்ள ஓடிப்போன செட்டா?”

எங்கள் அம்மா என் கழுத்தில் கை வைத்துக் கொக்கியைத் தேடினாள்.

அக்கா என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தேன். உண்மையைச் சொன்னால் முடிந்தது. ராசியும் இல்லை, கீசியும் இல்லை, இந்த அம்மா முகத்துக்கு அது நோயாளிக் களை கொடுத்தது, அதனால் பொய் சொன்னேன் என்றால் எனக்குச் செட் கிடைத்துவிடும். அதைக் கேட்க வேண்டிய முகம் நல்ல நாற்காலியில், அறுபதாம் கல்யாணப் பெருமை இன்னும் குறையாமல் உட்கார்ந்திருந்தது. இந்த அம்மா மட்டுமா? அக்கா கொக்கியைச் சாக்குச் சொல்லி அனுப்பிய அத்தனை பேரும், அப்போ எனக்கும் அப்படித்தானா என்று வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நிற்பார்கள்.

அக்கா என்னைப் பார்த்தாள், அந்த அம்மாவைப் பார்த்தாள். “முகூர்த்தத்துக்கு நாளு இருக்குதேம்மா. கருட சேவை முடியட்டும், அப்புறம் முடிவு பண்ணுங்க” என்றாள். அவ்வளவுதான். எனக்கு அழுகை முட்டியது. அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. ஊரில் உள்ள முகத்தையெல்லாம் காப்பாற்றினாளே, என் முகம் மட்டும் என்ன பாவம் செய்தது என்று இருந்தது.

வைகாசி கருட சேவைக்கு ஊரே தெருவில் நிற்கும். பெருமாள் கருடன்மேல் வரும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், மோர்ப் பந்தல். எங்கள் தெருமுனை மோர்ப் பந்தலில் வருஷா வருஷம் அக்கா நிற்பாள். அன்று காலையில் நான் போய்ப் பார்த்தபோது ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை.

சந்தன நிறப் புடவை. கழுத்தில் வெள்ளைக் கல் நெக்லஸ், அதன் கீழே வெள்ளைக் கல் ஹாரம், காதில் ஜிமிக்கி, இரண்டு கையிலும் வளையல். மூக்கில் இருந்த சிவப்புக் கல்லைக்கூடக் கழற்றிவிட்டு வெள்ளைக் கல் வைத்திருந்தாள். முகம் வாடி, கண்ணுக்கடியில் நிழல் விழுந்து, பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள்போல இருந்தாள். என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

தெருப் பெண்களெல்லாம் மோர் வாங்குகிற சாக்கில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். “ஊருக்கே பொருத்தம் பாக்குறவ, தன் மூஞ்சிய பாக்கலயா” என்று ஒருத்தி சொன்னது எனக்கே கேட்டது, அக்காவுக்கும் கேட்டிருக்கும். ஒரு வாண்டு போனில் படம் பிடித்தது. அக்கா சிரித்தபடி குவளை குவளையாக மோர் ஊற்றினாள். அவள் மயக்கம் போடுகிறாளா என்று பார்ப்பதற்காகவே சிலர் இரண்டாவது தடவை குடித்தார்கள்.

ஜரிகைக் கடைக்காரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மேலும் கீழும் பார்த்துவிட்டு, கொஞ்சம்கூட யோசிக்காமல் சத்தமாகக் கேட்டார்.

“இன்னாம்மா உனக்கு, காமாலையா?”

பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள். அக்காவின் கையில் குவளை ஒரு கணம் நின்றது. அந்தக் கேள்வியை யார் காதிலும் விழவிடக்கூடாது என்றுதானே அவள் இத்தனை வருஷம் தன் நகைகளையே திட்டிக்கொண்டிருந்தாள். “வெயிலும்மா” என்றாள் சாதாரணமாக.

வெயில் உண்மையிலேயே கொளுத்தியது. அடுத்து நடந்ததை நான் கட்டிச் சொல்கிறேன் என்று நினைக்கக்கூடாது. பெருமாள் திரும்பிப் போகும் நேரம், கூட்ட நெரிசலில் ஜரிகைக் கடைக்காரம்மா கண் சொருகிச் சரிந்தார். கழுத்தில் அவருடைய சொந்தத் தங்கம்தான் இருந்தது. ஓடிப்போய்த் தாங்கியது அக்கா. மடியில் படுக்க வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, மோரைப் புகட்டினாள். அந்த அம்மா கண்ணைத் திறந்ததும் முதலில் பார்த்தது முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருந்த வெள்ளைக் கல் ஹாரத்தை.

இதையெல்லாம் என் மாமியார் பந்தலுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தென்னேரியிலிருந்து சேவைக்கு வந்தவர். அக்கா கொடுத்த மோரை நிதானமாகக் குடித்தார்.

“இதானே அந்த செட்டு?”

“ஆமாம்மா. விடியக்காலையிலேருந்து போட்டுக்கினு நிக்குறேன்.”

“உனக்கு ஒண்ணும் ஆவல.” மாமியார் குவளையைக் கீழே வைத்தார். “ஆனா உனக்கு எடுப்பாவே இல்லயேம்மா.”

“எடுப்பா இருக்குறவ ஒருத்தி உங்க வூட்டுக்கு வரப்போறாளே” என்றாள் அக்கா.

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நகை பார்த்த அன்று ஒரு கணம் வாயைத் திறந்து பார்த்தாரே, அதே பார்வை. “சரி, அதையே போட்டுவுடு” என்றார்.

கல்யாணத்தன்று விடியற்காலையில் அக்காவே செட்டைக் கொண்டுவந்தாள். பார்லர் பெண் டப்பாக்களைத் திறந்து இரண்டு ஷேடு தூக்கத் தயாராக இருந்தாள். அக்கா அவளைத் தனியாக அழைத்து, கவலையான முகத்தோடு ஏதோ சொன்னாள். அந்தப் பெண் திரும்பி வந்து எனக்கு மை மட்டும் தீட்டி, ஒரு பொட்டு வைத்து நிறுத்திக்கொண்டாள்.

“இன்னாக்கா சொன்னே அவகிட்ட?”

“பவுண்டேஷன் பட்டா கல்லு கறுத்துடும், நீதான் பொறுப்புன்னேன்.”

நான் நானாகவே மணையில் உட்கார்ந்தேன். மயக்கமும் வரவில்லை, மாப்பிள்ளையும் ஓடவில்லை. என் கல்யாணப் படத்தைப் பார்க்கிறவர்கள் இன்றைக்கும் முதலில் என் முகத்தைத்தான் சொல்கிறார்கள். படத்தின் ஓரத்தில் அக்கா நிற்கிறாள். அரக்குப் புடவை, மூக்கில் சிவப்புக் கல், திரும்பவும் பழைய கர்வம்.

ஆனால் கருட சேவைப் படம் ஊரில் கொஞ்ச நாள் போனுக்குப் போன் சுற்றியது. செட்டு அக்காவுக்குக் கண் போய்விட்டது என்று சிலர் வேறு கடைக்குப் போனார்கள். “உனக்கு வருத்தமா இல்லயாக்கா?” என்று கேட்டேன். “இருக்குது. அந்தப் படத்துல நான் ரொம்ப அசிங்கமா இருக்குறேன்” என்றாள். பிறகு ஒரு நொடி யோசித்து, “போன் கேமரா சரியில்ல” என்றாள்.

இப்போது அக்கா ஓசூரில் மகள் வீட்டோடு இருக்கிறாள். போன மாதம் சென்னையில் ஒரு கடையில் பச்சைக் கல் தோடு ஒன்று கண்ணில் பட்டது. எனக்கு அதன்மேல் அப்படி ஓர் ஆசை. காதில் மாட்டிக்கொண்டு அக்காவை வீடியோவில் கூப்பிட்டேன்.

“வாசலாண்ட போயி காட்டும்மா, வெளிச்சத்துல.”

வாசலுக்குப் போனேன். தோட்டோடு ஓடிவிடுவேனோ என்று கடைப் பெண் பின்னாலேயே வந்தாள். அக்கா திரையில் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். எனக்குத் தெரிந்த அந்தக் கவலை அவள் முகத்தில் வந்து உட்கார்ந்தது.

“ஒண்ணுமே தெரியலம்மா. சிக்னல் சரியில்ல. இன்னொரு நாளு பாத்துக்கலாம்.”

சிக்னல் கோடுகள் எல்லாம் முழுசாக நின்றன. அவள் மூக்கில் இருந்த குட்டிச் சிவப்புக் கல்கூடத் துல்லியமாகத் தெரிந்தது.

“ஆமாக்கா, இங்க சிக்னல் ரொம்ப மோசம்” என்று சொல்லிவிட்டு, தோட்டைக் கழற்றிக் கடைப் பெண்ணிடம் கொடுத்தேன்.